கதவில் மாட்டிய தாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது ஒரு தீய்ந்த பிரியாணியில். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அம்சாவிடம் கதவு வைத்த இரும்பு விறகடுப்பு இருக்கிறது. காற்று வரும் தகட்டை முழுக்க மூடினாலும் தீ அடங்கவில்லை. தம் போட்டால் அடிபிடித்தது. நாளை மகள் ஷீலாவுக்கு நிச்சயதார்த்தம், எண்பது பேருக்குப் பிரியாணி. கேஸ் அடுப்புக்காரரே வேண்டாம், என் அடுப்பு போதும் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னவள் அவள்தான்.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று அமைதியாக—'

(அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கடலுக்கு வேலை இல்லை. ஆனால் அம்சா வீட்டார் அப்படி நினைக்கவில்லை.)

கணவன் கங்காதரன் படகு ஓட்டுகிறவன். காற்றை அறிந்த குடும்பம், காற்றின் மேலேயே பழி போட்டது. "கடல்லேர்ந்து கொண்டல் காத்து பூந்துகினு கீது," என்றான். இரண்டு நாளாகத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். தீ கொஞ்சமும் அடங்கவில்லை.

3

இங்கே அம்சா அழுவதாக ஒரு பத்தி எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டாள்.

"யாரு அழுதது? குடு இத."

என் தாளைப் பிடுங்கிக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தாள். சுலபமாக வந்தது.*

"காத்து தகடு வழியா வர்ல. கதவு இடுக்குல வருது. கதவ சுத்தி இருந்த பழைய கயிறு உதிர்ந்துச்சேன்னு நாந்தான் வலைக்கயிற வெச்சேன். உருகிப் பூட்ச்சு."

தப்பை ஒப்புக்கொள்ளும்போதும் அவள் தலை குனியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

* நான்கு பக்கமும் இழுத்தாள். கீல் பக்கம் மட்டும் தாளைப் பிடித்தது.

4

கங்காதரன் படகு எஞ்சினின் புகைக்குழாயில் சுற்ற வைத்திருந்த புதுக் கயிற்றை எடுத்து வந்தான். "இது சூட்டுக்கு அசையாது."

கதவைச் சுற்றிப் பதித்தாள். விறகு மூட்டி, சோதனைக்குச் சின்னக் குண்டானில் பிரியாணியை ஏற்றி, அதே தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள், கிழிந்தது. தகட்டைத் தள்ளி மூடியதும் தீ சொன்ன பேச்சு கேட்டது. அம்சா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

5

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிரியாணி தீய்ந்து, அவள் கேஸ்காரருக்குப் போன் செய்வதாக அதே தாளின் கீழ்ப்பாதியில் முடிவு எழுதியிருந்தேன். கிழிந்து கதவுக்குள் மாட்டியது அந்தப் பாதிதான்.

எடுத்துத் தரச் சொன்னேன்.

"தம் போட்டுக்கீது, தொறக்க முடியாது. முடிவு வோணும்னா நாளைக்குச் சாப்ட வா. படிக்கிறவங்களையும் இட்டுகினு வா."