வாங்க மறுப்பு

“வீட்டுல ஆள் இல்லேண்ணா, வேண்டாம்ணு அர்த்தமாப்பா?”

வீடுவீடாகக் கூரியர் கொண்டு சேர்க்கும் ரதீஷ் பார்சல் தாளில் எழுதுவதை எட்டிப் பார்த்து மகள் சுபிதா ஒருநாள் கேட்டாள். “போய்ப் படிட்டீ” என்று விரட்டிவிட்டான். ‘கதவு பூட்டு’ என்று எழுதினால் இன்னும் இரண்டு முறை போக வேண்டும். பெட்ரோல் அவன் கைக்காசு. ‘வாங்க மறுப்பு’ என்றால் ஒரே நடையோடு தீர்ந்தது. ஆறு வயதுக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது?

அந்த வெள்ளிக்கிழமை நாகர்கோவில் கூரியர் ஆபீசுக்குச் சகாயசெல்வி வந்தாள். மணவாளக்குறிச்சிப் பக்கம் மீன் விற்பவள். அவள் மகள் ஜெனிலாவுக்கு ஒரு கால் குட்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் பீடம்வரை ஒரு பக்கம் சாயாமல் நடந்து போக, ஒரு பக்கம் அடி உயர்ந்த ஷூவை ஆன்லைனில் வரவழைத்திருந்தாள். ‘வாங்க மறுப்பு’ என்ற குறிப்போடு அந்தப் பெட்டி அன்று சாயங்காலம் அனுப்பியவருக்கே திரும்பிப் போக இருந்தது.

“வேண்டாம்ணு சொல்லியிருக்கீங்க. மறுபடி கொண்டு வரணும்ணா எண்பது ரூவா கட்டணும்” என்றார் மேலாளர் கிருஷ்ணமணி.

“ஆரு சொன்னா? பார்சல் வந்த அண்ணைக்கு, கடல்ல செத்துப்போன மரியஜானுக்கு அடக்கம். எங்க ஊர்ல ஒரு கதவு தொறந்திருக்காது, ஒரு வள்ளம் எறங்காது. நான் கல்லறைத் தோட்டத்துல நிக்கேன்.”

“அதுக்குக் கம்பெனி என்னம்மா செய்யும்?”

“கொண்டு சேக்கதுக்கு மொதல்லயே பைசா வாங்கியாச்சுல்லா? சேரல்ல. சேக்கட்டு.”

“எண்பது ரூவாய்க்கா இந்த வழக்கு? பஸ்சுக்கே பாதி போயிருக்குமே.”

“போச்சு. நாளைக்கும் வருவேன். பொய்க்குக் கூலி தரமாட்டேன்.”

மூலையில் நின்ற ரதீஷ் முன்னால் வந்தான். “சார், நான்தான் அப்பிடி எழுதினேன். மூணு நடைக்குப் பெட்ரோலுக்கு எங்க போவேன்?”

“அப்பம் உன் சம்பளத்துல பிடிச்சாப் போச்சு.”

தன் பக்கம் வழக்கு ஜெயித்தது என்று சகாயசெல்வி போயிருக்கலாம். போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவனுக்க சோத்துல கை வைக்கப்பிடாது. பெட்ரோல் குடுக்காம ஓடச் சொன்னது ஆரு? அவங்க குடுக்கட்டு. இல்லேண்ணா இந்தப் பெஞ்சோட என்னையும் சேத்துப் பார்சல் கட்டுங்க.”

கோபத்திலும் இரக்கத்தை விடாதவர்களை ஆண்டவர் அங்கங்கே வைத்துத்தான் இருக்கிறார். ரதீஷ் தாளை எடுத்து, எழுதியதை அடித்து, ‘ஊரில் அடக்கம், கதவு பூட்டு’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டான். கிருஷ்ணமணி அதை வாங்கிப் படித்தார். பிறகு ‘கட்டணம் இல்லை’ என்று எழுதி முத்திரை குத்தினார். “மேல கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.”

சனிக்கிழமை காலை ரதீஷ் கொண்டு கொடுத்த ஷூவை மாட்டி ஜெனிலா முற்றத்தில் நாலு சுற்று நடந்தாள். “சாயல்லடீ, சாயல்ல” என்று சகாயசெல்வி பின்னாலேயே நடந்தாள்.

திரும்பும் வழியில் ரதீஷ் பெட்டிக்கடையில் ஒரு மெழுகுதிரி வாங்கினான். கல்லறைத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. புதுமண் மேட்டில் மரியஜானின் பெயர் எழுதிய சிலுவை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து திரியைக் கொளுத்தினான். கடற்காற்று இரண்டு முறை அணைத்தது. உள்ளங்கையைக் குவித்து மறுபடி கொளுத்தினான். சுடர் நின்று எரியும்வரை கையை எடுக்கவில்லை.