புகை கண்டு வந்தவன்

கடலில் மூழ்கி நாற்பது வருடத்துக்கு மேலாகியிருந்த ஃபெஸ்டி, ஓர் அக்டோபர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்போர நாற்காலியில் உட்கார்ந்து, தங்கை டீலியாவிடம் ஒரு கேள்வி கேட்டான். அவளுக்கு அது விளங்கவில்லை. அவன் ஐரிஷில் கேட்டான். அவளோ இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவிய காலத்தில், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள் என்று, அந்த மொழியையும் சேர்த்துக் கழுவிவிட்டிருந்தாள்.

அவன் வந்ததில் ஊருக்கு வியப்பில்லை. அப்பா அம்மா போனபின் பூட்டிக் கிடந்த வீட்டில், ஓய்வு பெற்றுத் திரும்பிய டீலியா அடுப்பு மூட்டியிருந்தாள். அயர்லாந்தின் இந்த மேயோ கரையில் புகைபோக்கி புகைந்தால், கடல் கொண்டுபோன அந்த வீட்டுக்காரர்கள் வருவது உண்டு. ஃபெஸ்டிக்கு இன்னும் பத்தொன்பது வயதுதான். கம்பளிச் சட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அதன்பிறகு தினமும் சாயங்காலம் வந்தான். நாற்காலிக்குக் கீழே ஒரு வாளி வைத்தாள். சில நாள் காலையில் வாளிக்குள் சின்ன நண்டு கிடக்கும். அதை மட்டும் கடலில் விட்டு வருவாள். பள்ளியில் அவன் படித்த இங்கிலீஷைத் தண்ணீர் அரித்துவிட்டிருந்தது. "ஃபெஸ்டி, நான்தான் டீலியா" என்று அவள் சொன்னால், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல வாசல் பக்கம் பார்ப்பான். வீட்டில் அவளை அந்தப் பெயரில் யாரும் அழைத்ததில்லை.

ஊரிலும் அந்த மொழி மிச்சமில்லை. பக்கத்துப் பண்ணை பாட்ஜோ, ஃபெஸ்டியோடு ஒரே பெஞ்சில் படித்தவன், பார்க்க வந்தான். "அடப்பாவி, உனக்கு ஒரு நரை கூட இல்லையேடா! என் இடுப்பு மூட்டைப் பாரு, ரெண்டுமே பிளாஸ்டிக்" என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளியில் எல்லோரும் படித்து எல்லோருக்கும் மிஞ்சியிருக்கும் ஒரே ஐரிஷ் வாக்கியத்தைச் சொன்னான்: கழிப்பறைக்குப் போக அனுமதி உண்டா, டீச்சர்? ஃபெஸ்டி மரியாதையாக எழுந்து பின்கதவைக் காட்டினான்.

"சரி, இனிமே போகாம இருந்தா நல்லா இருக்காது" என்று பாட்ஜோ போய்விட்டு வந்தான். கிளம்பும்போது, "ஏ டீலியா, இந்தக் காலத்துல போனே எல்லாம் சொல்லிக் குடுக்குதாமே. படியேன். அப்படி என்னதான் கேக்குறான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றான்.

என்ன கேட்பான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பதினாறு வயதில் வீட்டில் சண்டை போட்டு, யாரிடமும் சொல்லாமல் விடிகாலை பஸ் ஏறியவள் அவள். கோபம் வந்தால் அவள் போய் உட்காரும் பாறைத்தீவில்தான் இருப்பாள் என்று ஃபெஸ்டி படகை எடுத்தான். அவள் அப்போது இங்கிலாந்துக் கப்பலில் இருந்தாள். ஏன் போனாய் என்று கேட்பான். பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும்.

படித்தாள். பூனை பால் குடிக்கிறது. என் மாமாவிடம் சிவப்பு பஸ் இருக்கிறது. சரியாகச் சொன்னால் போன் மணி அடித்துப் பாராட்டியது. பாடம் சொன்னது ஒரு இளம்பெண் குரல், இயந்திரம் செய்தது, மூச்சு வாங்காதது. அந்தக் குரல் போலவே சொன்னால்தான் மணி அடித்தது. இரண்டு குளிர்காலம் போயின. பூனையைப் பற்றி அவளால் எல்லாம் சொல்ல முடிந்தது. ஃபெஸ்டி தினமும் அதே கேள்வியைக் கேட்டான். அதில் பூனையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இயந்திரத்தின் ஐரிஷும் அம்மாவின் ஐரிஷும் ஒரே கிணற்றுத் தண்ணீர் இல்லை என்பது அவளுக்குப் பின்னால்தான் உறைத்தது. அதற்குள் நாக்கு பழகிவிட்டிருந்தது.

மூன்றாம் குளிர்காலத்தில் இணையத்தில் ஒரு பழைய ஒலிப்பதிவு அகப்பட்டது. பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவர், எப்போதோ செத்துப்போனவர், உருளைக்கிழங்கு நடுவதைப் பற்றி இருமி இருமிப் பேசினார். அம்மா பேசிய, தேய்ந்து மறைந்த அதே பேச்சு. அவள் அதைக் கேட்டுக்கொண்டே சமைத்தாள், துணி மடித்தாள். காது மெல்லத் திறந்தது. வாய் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஃபெஸ்டி வந்து உட்கார்ந்து கேட்டான். அவளுக்கு விளங்கிவிட்டது.

"சின்னது வீட்டுக்கு வந்துருச்சா?"

சின்னது என்றுதான் வீட்டில் எல்லோரும் அவளை அழைத்தார்கள். ஏன் போனாய் என்று அவன் கேட்கவே இல்லை. இத்தனை வருடமும் இந்த ஒன்றைத்தான் கேட்டிருக்கிறான். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அவன் முன்னால் மண்டியிட்டாள். "வந்துட்டேன். சின்னது வந்துட்டேன். நான்தான்" என்றாள். ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக, போன் கேட்டிருந்தால் மணி அடித்திருக்கும்படி வந்தது. மேசைமேல் கிடந்த போனுக்கும் அவளுக்கும் ஒரே குரல்.

ஃபெஸ்டி அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தான். போனைப் பார்த்தான். வீட்டுக்குள் யார் யாரோ இருக்கிறார்கள். அவள் மறுபடி சொன்னாள், அழுதுகொண்டே, அப்போதும் ஓர் எழுத்துப் பிசகாமல்.

தெரியாமல் அயலார் வீட்டுக்குள் வந்துவிட்டவனைப் போல அவன் எழுந்தான். சொட்டிய ஈரத்தைக் கம்பளிச் சட்டைக் கையால் துடைத்தான், நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தான், அவளுக்குத் தலை தாழ்த்திவிட்டு வெளியே போனான்.