இரவின் பறவை, இன்றிரவுப் பறவை

கோழிக்கூண்டின் கதவில் 'திறக்கக்கூடாது' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார் விவசாய அலுவலகத்து மொக்தாத். இடுப்பில் கைவைத்து நின்ற ஷெல்பியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளை மதியம் மகளைப் பெண்கேட்டு நபுல் ஊரிலிருந்து வருகிறார்கள். விருந்துக்கான ரவைச்சோறு குஸ்குஸுக்கென்றே தீனி போட்டு வளர்த்த கோழிகள் அத்தனையும் இப்போது சீட்டுக்குப் பின்னால்.

"ஸி மொக்தாத், என் கோழிக்கு என்னதான் நோவு? தும்முச்சா, தூங்கி விழுந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும் லெல்லா ஷெல்பியா? ஆராய்ச்சிக்காரப் பொண்ணு நெஜ்லா குகைகிட்டேருந்து போன் பண்ணிச்சு. பறவைக் குடல்ல கெட்ட கிருமியாம். எச்சத்தைத் தொடக்கூடாதாம். அதுவும் இன்னிக்கு ராத்திரியேன்னு சொல்லிச்சு. பூட்டிட்டேன்."

"அவளையே கூப்பிடுறேன் இரு."

நெஜ்லா வந்தாள். தலைமுடியெல்லாம் குகைத் தூசி.

"ஐயோ, நான் கோழின்னு சொல்லவே இல்லையே! தீர் எல்-லீல்னு சொன்னேன்."

இரவின் பறவை. அந்த ஊரில் வௌவாலுக்கு அதுதான் பெயர்.

மொக்தாத் தலையைச் சொறிந்தார். "எனக்கு 'எத்-தீர், எல்-லீலா'ன்னு கேட்டுச்சும்மா." அதாவது, பறவைகள், இன்றிரவு. "குகை வாசல்ல நின்னு பேசினா காத்துதான் கேக்குது."

"ஒரு 'எத்'தும் ஒரு 'ஆ'வும் அதிகமாக் கேட்டதுக்கு என் மக சம்பந்தமே கெட்டிருக்கும்! காதுக்கு எண்ணெய் விடுய்யா."

நெஜ்லா பொறுமையாகச் சொன்னாள்: "வௌவால் பூச்சி தின்கிற நல்ல ஜீவன். அதைக் கொல்ல வேண்டாம். அதோட குடல்ல இருக்கிற கிருமிங்க முக்கால்வாசி நமக்கு ஒண்ணும் பண்ணாது. ஒண்ணு ரெண்டு வயித்தக் கலக்கும், சிலது மருந்துக்கும் அடங்காது. மிளகாய்க்கு எருவா அள்ளிட்டு வர்றீங்களே, அந்தப் புழுக்கையை வெறுங்கையால தொடாதீங்க. நான் சொன்னது அவ்வளவுதான்."

"கேட்டுக்கிட்டியா?" ஷெல்பியா சீட்டைக் கிழித்தெறிந்து கதவைத் திறந்தாள்.

கோழிகள் கொக்கரித்துக்கொண்டு ஓடின. நேராக மிளகாய்ப் பாத்திக்கு. அங்கே கறுப்பாகக் குவிந்திருந்த குகை எருவில் ஏறி, கால்களால் கிளறி, ஆசையாகக் கொத்தத் தொடங்கின.

காலையில் அதே எருவை அள்ளிய தன் கைகளை ஷெல்பியா மெதுவாகப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மொக்தாத் குனிந்து, கிழிந்த சீட்டைப் பொறுக்கி நீவினார்.

"அப்ப நான் பூட்டினது தப்பில்லதானே?" என்றார்.

"நீ பேசாதே!"

நெஜ்லா இழுத்தாள்: "நல்லா வெந்தா கிருமி செத்துடும் லெல்லா. ஆனா கோழியை அறுத்து, குடல் உருவுற கை, பலகை, கத்தியில ஒட்டிக்குமே... சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டுமா? நாளைக்குள்ள முடியாது."

ஷெல்பியா கோழிகளைப் பார்த்தாள். அவை அவளைப் பார்க்கவில்லை, எருவிலேயே குறியாக இருந்தன. குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டாள். அங்கிருந்தபடியே வீட்டுக்குள் குரல் கொடுத்தாள்:

"அடியே, உங்கப்பாவைத் துறைமுகத்துக்கு அனுப்பு! நாளைக்கு மீன் குஸ்குஸ்!"

பிறகு ஈரக்கையோடு நெஜ்லாவிடம் திரும்பினாள்.

"கடல்ல ராத்திரிப் பறவை எதுவும் இல்லையே, மகளே? இருந்தா இப்பவே சொல்லிடு. இவர்கிட்ட போன்ல மட்டும் சொல்லாதே."