சிவப்பில் நிற்கிறவள்

என் தங்கை டாம்சின் விளையாட்டில்கூட சிவப்பு விளக்கை மதிக்கிறவள். கணினியில் ரயில்பாதை போட்டு ஓட்டும் அந்த விளையாட்டில், சிக்னலில் நிற்கிற ரயிலை விரட்ட ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் ரயில் சிவப்பைக் கண்டுகொள்ளாமல் கிளம்பிவிடும். எதிரே இன்னொன்று வந்தால் இரண்டும் வெடித்துச் சிதறும். அவள் அதைத் தொட்டதே இல்லை. பாதி வரைபடத்துக்கு ரயில்கள் அடைத்துக்கொண்டு நின்றாலும், சிக்கல் எங்கே என்று தேடிப் பிரிப்பாளே தவிர அழுத்தமாட்டாள். பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும்.

புருஷன் கிளின்ட்டிடமும் அப்படித்தான் இருந்தாள். அவன் உள்ளங்கையைக் காட்டி நில் என்றால் நிற்பாள். நின்ற இடத்தில் அடி விழும். வடக்கே தூரத்தில் இருக்கிற மெக்காய் என்ற ஊரில் அவனோடு குடும்பம் நடத்தி, தாடை உடைந்து, உறிஞ்சுகுழலில் சூப் குடிக்கிற நிலையில் என்னிடம் வந்து சேர்ந்தாள். நான் அப்போதுதான் வெரிஸ் கிரீக் என்ற சின்ன ஊரில் வீடு எடுத்திருந்தேன். அந்த விலாசம் அவனுக்குத் தெரியாது. கண்டுபிடித்தால் கொல்லுவேன் என்று அவள் கிளம்பிய அன்றே சொல்லியிருந்தான். அவன் சொன்னால் செய்கிறவன்.

போனை விட்டாள், வெளியே போவதை விட்டாள். விளையாட்டை மட்டும் விடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டாள், ஆனால் பழைய சர்வரிலேயே ஆடினாள். முகம் தெரியாத ஏழெட்டுப் பேர், ஒரே வரைபடம், ஆளுக்கொரு கம்பெனி. நிலக்கரியும் கோதுமையும் ஏற்றிக்கொண்டு அவள் ரயில்கள் பிசகாமல் ஓடின. உடைந்த தாடை கூடி வர வர பாதையும் வளர்ந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆகஸ்டில் புதிதாக ஒருவன் உள்ளே வந்தான். வந்த அன்றே அவளுடைய லெவல் கிராசிங் மேல் பஸ்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினான். ரயில் மோதும், தீ எழும்பும், இத்தனை பேர் செத்தார்கள் என்று திரையில் செய்தித்தாள் வந்து விழும். எவனோ பொறுக்கி என்று நினைத்துக் கிராசிங்குகளையெல்லாம் பாலமாக்கினாள். பிறகு அவன் சொந்தப் பாதை போட ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஒவ்வொரு ஸ்டேஷன் முனையிலும் எங்கும் போகாத ஒரு துண்டுத் தண்டவாளத்தை விட்டிருந்தான்.

"கிளின்ட்தான்," என்றாள். "எனக்கு ஆடச் சொல்லிக் குடுத்ததே அவன். பேரை மாத்தினாலும் என் பாதையைப் பார்த்தா அவனுக்குத் தெரியும். இந்த வாலை விடாம அவனுக்குப் பாதை போட வராது."

"இருந்துட்டுப் போறான். நீ எங்க இருக்கேன்னு அவனுக்கு எப்படிடி தெரியும்?" என்றேன்.

அவள் திரையைக் காட்டினாள். அவளுடைய ஸ்டேஷன்களின் பெயர்களை நான் அதுவரை படித்ததில்லை. கிபாலி அணை. கோதுமைக் கிடங்கு. பேக்கரி முனை. எல்லாம் எங்கள் ஊரிலும் பக்கத்திலும் இருப்பவை. கடைசியில், மஞ்சள் கேட். எங்கள் வீட்டு கேட் மஞ்சள். கண்ணில் படுகிறதையெல்லாம் பெயராக வைப்பது இந்த ஆட்டக்காரர்களின் வழக்கம்; இந்த அறிவுகெட்டவளும் வைத்திருந்தாள். ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஏற்கெனவே அடி வாங்கிய முகம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவன் பாதையில் மெக்காய் என்று ஒரு ஸ்டேஷன் முளைத்தது. அதற்கடுத்து ராக்ஹாம்டன். பிறகு மைல்ஸ், கூண்டிவிண்டி. காரில் வருகிறான், தங்குகிற ஊரிலெல்லாம் ஒரு ஸ்டேஷன் கட்டி, அவள் பக்கமாகத் தண்டவாளத்தை நீட்டிவிட்டு மறுபடி கிளம்புகிறான். போலீசுக்குப் போன் போட்டேன். விளையாட்டில் பெயர் வைப்பது குற்றமில்லையே என்று இழுத்தார் ஓர் ஆள். நான் கேட்ட கேள்வியில், ரோந்து வண்டி இருந்தால் அனுப்புவதாகச் சொன்னார். கொட்டகைக்கு வாங்கிய சிவப்பு பெயின்ட் மிச்சமிருந்தது. பெரிய புத்திசாலி மாதிரி அதை எடுத்து கேட்டுக்கு அடித்தேன்.

மத்தியானம் கன்னிடா என்று ஸ்டேஷன் வந்தது. அங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கைக்குக் கிடைத்ததை யூட் வண்டியின், எங்கள் சின்ன டிரக்கின், திறந்த பின்தட்டில் அள்ளிப் போட்டோம். டாம்சின் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். நான் கேட்டைத் திறக்கப் போனேன். அவன் ஏற்கெனவே அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தான்.

"மஞ்சள் கேட்டைத் தேடி ஊரையே சுத்திட்டேன் ரெனே," என்றான். "ஒண்ணு மட்டும் ஈரமா மின்னுச்சு."

அவன் உள்ளங்கை முழுக்கச் சிவப்பு பெயின்ட். இன்னொரு கையில் சக்கரம் கழற்றுகிற இரும்புக் கம்பி. முதல் அடியில் என் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது வாயில் விழுந்தது. கீழே கிடந்தபடி அவன் கெண்டைக்காலைப் பல் இருந்த மட்டும் கடித்தேன். வயிற்றில் மிதித்தான், மிதித்துக்கொண்டே இருந்தான். தலையைக் குறிபார்த்துக் கம்பியை ஓங்கியபோது யூட் உறுமியது.

அவன் என்னை விட்டுத் திரும்பினான். அவசரமே இல்லாமல் வண்டிக்கு எதிரே நடந்துபோய், அந்தச் சிவப்புக் கையைத் தூக்கிக் காட்டினான்.

"நில்லு, டாம்சின்."

அவள் நிற்கவில்லை. வண்டி அவனை அள்ளிக்கொண்டு போய் கேட் தூணோடு வைத்து நசுக்கியது. இடுப்பெலும்பு நொறுங்கியதை நான் கேட்டேன். அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். அவன் விழுந்து அலறினான். அவள் மறுபடி முன் கியரைப் போட்டாள். இரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அதற்குத்தான் நின்றாள். கத்தியிருக்க வேண்டாமோ என்று சில நாள் இப்போதும் தோன்றும்.

கிளின்ட் பிழைத்துக்கொண்டான், இனி நடக்கமாட்டான். ஒருவழியாக ரோந்து வண்டி வந்தபோது, இறங்கிய போலீஸ்காரப் பெண் என் வாயைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். நிற்கச் சொல்லி அவன் கை காட்டியதைப் பார்த்தாயா என்று டாம்சினிடம் கேட்டாள்.

"பார்த்தேன்," என்றாள் என் தங்கை. "சிவப்புன்னு தெரிஞ்சுதான் தாண்டினேன்."