இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு

லேமெக் ஜெரேயின் சவப்பெட்டி வாசலைத் தாண்டியதும் கத்தோங்கோ பாதையில் குறுக்கே படுத்துக்கொண்டான்.

"எலி தின்னி எங்க கிளம்பிட்டான்? விடமாட்டேன்! இவன் போயிட்டா நம்ம சிஃபுபு ஊர்ல இருக்கிற எலியெல்லாம் குட்டி போட்டுப் பெருகி நம்மளைத் தின்னுடும்!"

அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ங்கோனிக்காரன் சாவில் பெம்பாக்காரன் இப்படித்தான் பேச வேண்டும். முப்பாட்டன்மார் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள், பேரன்மார் வாயால் குத்திக்கொள்கிறார்கள். இரண்டு இனமும் ஒன்றுக்கொன்று மச்சான் முறை. மச்சான் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, அதிலும் சாவு வீட்டில் கூடவே கூடாது. பதிலுக்கு, கேலி பேசுகிற மச்சானும் அழக் கூடாது. அதுதான் கத்தோங்கோவுக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த இசைக்குழு 'செம்புப் புகை'. கத்தோங்கோ கிதார், லேமெக் சாக்ஸபோன். சுரங்க ஊர்ப் பையன்கள் எல்லாம் முடி வளர்த்து, கால்சட்டை அகலமாக்கி, ராக் என்று அலறிக்கொண்டிருந்த காலத்தில் லேமெக் அதற்குள் ஜாஸைக் கொண்டுவந்து ஊற்றினான். கேட்டால் தலை கிறுகிறுக்கும், கால் மட்டும் தானாக ஆடும். எலியும் பூனையுமாகச் சண்டை போட்டுத்தான் முதல் இசைத்தட்டுக்கு வேண்டிய பாட்டுகளைப் பதிவு செய்து முடித்தார்கள். முடித்த வாரமே லேமெக் நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில் படுத்தான்.

ஒலிப்பதிவுக்காரர் கத்தோங்கோவைக் கூப்பிட்டனுப்பினார். "தட்டோட ரெண்டாம் பக்கத்துல எல்லாப் பாட்டும் கொள்ளலப்பா. திணிச்சா சத்தம் செத்துப்போகும். கடைசிப் பாட்டுல அவன் தனியா ஊதுற இடமும் இருக்கு, நீ தனியா வாசிக்கிற இடமும் இருக்கு. ரெண்டுல ஒண்ணு போகணும். எது?"

"அவன் ஊதினதுல மூச்சு வாங்குற சத்தம் கேக்குது. அதை எடுத்துடுங்க," என்றான் கத்தோங்கோ.

மூச்சு ஒரு சாக்கு. தன் கிதார் தட்டில் வர வேண்டும், அவ்வளவுதான். ஆசை வெட்கம் அறியாது. வெட்டிய நாடா குப்பைக்குப் போயிற்று. லேமெக் எழுந்து வந்ததும் சொல்லிவிட்டு நாலு திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தான். லேமெக் எழுந்து வரவில்லை.

இப்போது அவனுடைய அம்மா எனிஃபா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "தட்டு வருது. ரெண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. 'அதுல நான் மட்டுந்தான்மா ஊதுறேன், நீ நல்லாக் கேளு'ன்னு ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சுச் சொன்னான்."

தட்டு வருவதற்குள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது வந்து அவள் காது கொடுத்துக் காத்திருந்து பிள்ளையைத் தேடுவதைப் பார்க்கக் கத்தோங்கோவுக்குத் தெம்பில்லை. அதனால் பாதையில் படுத்தபடியே கத்தினான்.

"கேளுங்க எல்லாரும்! இவன் தனியா ஊதினதை நான் வெட்டிட்டேன்! குப்பையில போட்டுட்டேன்! தட்டுல என் கிதார்தான் வருது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெட்டி தூக்கியவர்கள் தோளில் பெட்டியே குலுங்கியது. "குரங்கு தின்னிக்குப் பொறாமையப் பாரு!" என்றாள் ஒரு ங்கோனிக் கிழவி. எனிஃபாவும் சிரித்தாள், மூன்று நாளில் முதல் தடவையாக. விளையாட்டு வினையாகும் என்பார்கள். அவன் செய்த வினை எல்லாருக்கும் விளையாட்டாகப் போயிற்று.

அடக்கம் முடிந்து, பெண்கள் பீன்ஸும் நிஷிமா என்கிற சோளக்களியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது அவன் எனிஃபாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அத்தை, பாதையில சொன்னது விளையாட்டு இல்ல. நெசமாவே வெட்டிட்டேன்."

அவள் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். "மண்ணு மூடிட்டு வந்தாச்சு, இன்னும் விடமாட்டியா அவனை?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "நீ ஒருத்தன்தாண்டா உன் முறையை ஒழுங்காச் செய்யறே. சாப்பிடு."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? சத்தியம் செய்தாலும் சிரிப்பார்கள். அவன் நிஷிமாவை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான்.

துக்கம் கலைந்து சில நாளில் தட்டு வந்தது. சாவு வீட்டில் அதுவரை வானொலிகூடப் பாடவில்லை. கத்தோங்கோ தட்டோடு, ஒரு சிநேகிதனின் பேட்டரியில் ஓடும் இசைத்தட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தனியாகப் போனான். எனிஃபா கையைக் கழுவி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "முதல் பக்கம் அப்புறம் கேக்கலாம். அதைப் போடு."

ஊசி கரகரத்தது. முரசு வந்தது, மற்ற வாத்தியங்களும் சேர்ந்து வந்தன, பிறகு ஒதுங்கின. அந்த இடத்தில் கத்தோங்கோவின் கிதார் எழுந்தது. காலால் மிதித்தால் ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு பெட்டியை அவன் அதில் மாட்டியிருந்தான். லேமெக் ஊதுவதைக் கேட்டுக் கேட்டு, பொறாமைப்பட்டு, அதே உறுமல் வரும்வரை அந்தப் பெட்டியைத் திருகியிருந்தான். அதையும் இந்தத் தட்டுப் பெட்டியின் ஓட்டை ஒலிபெருக்கியில் கேட்டால் கிதாரா சாக்ஸபோனா என்று யாருக்குத் தெரியும்?

எனிஃபா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதோ," என்றாள். "அவன்தான்."

பக்கத்து வீடுகள் சண்டைக்கு வருமென்று லேமெக் எப்போதும் மைதானத்துக்குப் போய்த்தான் ஊதுவான். தூரத்திலிருந்து வந்த அந்தச் சத்தத்தை மட்டும்தான் அவள் அறிவாள்.

"அத்தை..."

"சும்மா இரு. கேளு. மூச்சே வாங்காம ஊதுறான் பாரு. ஒரு இருமல் இருக்கா? ஒரு இழுப்பு இருக்கா? ராத்திரியெல்லாம் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானே என் புள்ள! இதுல அவனுக்கு நோவே இல்ல."

பாட்டு முடிந்தது. தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முகம் கழுவிவிட்டாற்போலத் தெளிந்திருந்தது. திடீரென்று அவனைப் பார்த்தாள்.

"ஏண்டா, உன் கிதாரைத் தனியாக் காணோமே? உனக்கும் ஒரு இடம் இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தானே?"

கத்தோங்கோ ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

"இடம் பத்தல அத்தை. வெட்டிட்டாங்க."

"அடப்பாவமே!" எனிஃபா அவன் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன் மச்சானுக்கும் கொஞ்சம் விட்டுக்குடுடான்னு அவன்கிட்டச் சொல்லியிருப்பேனே. குடுத்திருப்பான்டா."

கத்தோங்கோ அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.