மேற்படி நபர்

கட்சி இரண்டாக உடைந்த மறுவாரம், எதிரணிக் கூட்டத்துக்குப் போன தையல்கடை அக்காவை நீக்கச் சொல்லி ஒன்பது கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று கிளைச் செயலாளரான அவள் தம்பியுடையது. கூட்டக் குறிப்பு எழுதுவது எப்போதும் அவள்தான், அன்றும் எழுதினாள்.

“எழுதினதைப் படிங்க,” என்றான் தம்பி, வீட்டில் அவளை ‘நீ’ என்பவன்.

“மேற்படி தோழர் நீக்கப்படுகிறார்.”

“நீக்கினப்புறம் என்ன தோழர்? ‘நபர்’னு மாத்துங்க.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“டேய், உன்னைக் கட்சிக்குக் கூட்டிட்டு வந்ததே நான்டா!”

“அது குறிப்புல வேண்டாம்.”

யாரோ சிரித்தார்கள். அவள் சொல்லை அடித்து, மாற்றி எழுதி, நோட்டைத் தள்ளினாள்.

“அடிச்ச இடத்துல செயலாளர் கையெழுத்து வேணும், தோழர்.”

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டான்.