மசினா மேடத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

மசினா இறந்துபோன செய்தி, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மசினாவுக்கே ஆட்டோக்காரன் தருமன் சொல்லித்தான் தெரிந்தது. ரோஜா மாலையோடு மாடிப்படி ஏறி வந்தவன், அவள் சட்னி கேட்டுத் தட்டை நீட்டுவதைப் பார்த்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"யக்கா, இவங்க செத்துட்டாங்கல்ல?" என்றான் என்னிடம்.

"வாயக் கழுவுடா!"

"தெரு முனையில ஃபிளெக்ஸ் வெச்சிருக்குதுக்கா. ஸ்டாண்டுல ஒருத்தனும் வண்டி எடுக்கல. அழுதுனு நிக்கிறானுங்க."

கரண்டியோடு தெருமுனைக்கு ஓடினேன். பத்தடி உயரத்தில் கறுப்பு வெள்ளையில் மசினா சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் விளக்கு, மேலே ஒரு ஜோடி புறா. 'கண்ணீர் அஞ்சலி. மசினா அம்மையார். தோற்றம் 1999, மறைவு 2025. இன்று காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கடைசியாகப் பார்க்கலாம். கண்ணீருடன், ஊர் பொதுமக்கள்.'

மசினா யார் என்று சொல்லிவிடுகிறேன். சமோவா என்று பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு. அங்கே பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்த கலைஞர். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் நான் வாடகைக்கு விடும் மாடி அறைகளில் ஒன்றில் தங்கியிருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் கண்ணை மூடி உட்கார வருகிறார்கள். இவள் பாய் பின்ன வந்தவள். அவள் ஊரில் பெண்கள் ஓலையைப் பட்டுபோல் கிழித்துப் பின்னுகிற பாய்க்குத் தங்கத்தைவிட மரியாதை. இவள் அந்தப் பின்னலை மீன்பிடி நரம்பில் செய்தாள், பழைய கேசட் டேப்பில் செய்தாள். எங்கள் ஊருக்கு வந்ததும் ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். காதுகுத்து, கல்யாணம், கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று கிழிந்து தொங்கியதை எல்லாம் கேட்டு வாங்கி, இழை இழையாக வெட்டிப் பாய் பின்னினாள். பூக்காரி முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை அவளைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவள் என்னதான் செய்கிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

எல்லா நாட்டிலும் அவள் பாய்களைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூர நின்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். அவளுக்கு அது அலுத்துவிட்டது. அவள் அண்ணன் இறைச்சி பேக்கிங் கம்பெனியில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். "இங்கயும் அதே மாதிரி நாலு பேர் தலையாட்டினா, இதோட விட்டுட்டு அந்த வேலைக்குப் போயிடறேன் மதி" என்று போன வாரம் சொன்னாள். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலம் மாதிரி ஒன்று. தமிழில் எழுதும்போது இன்னும் நன்றாக இருக்கிறது.

அதனால்தான் நான் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். கண்காட்சிக்கு மண்டபம் பேசினேன். என் கொழுந்தன் புகழேந்தியின் ஃபிளெக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் போட்டோவும் விவரமும் அனுப்பினேன். புகழேந்தி வெளியூர் போயிருந்தான். கடையில் புதிதாகச் சேர்ந்த கோபிதான் டிசைன் செய்தவன். போனில் அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன்.

"அக்கா, கறுப்பு வெள்ளை போட்டோ. 1999, 2025ன்னு ரெண்டு வருஷம் போட்டுக்கிறீங்க. 'மசினா மேடம் கடைசி தடவை, எல்லாரும் வந்து பாக்கணும்'னு வேற எழுதிக்கிறீங்க. நான் என்னான்னு நெனைக்கிறது?"

"அது அவங்க பாய் பின்ன ஆரம்பிச்ச வருஷண்டா! கடைசி ஷோன்னு சொன்னேன்!"

என் பேரில் ஒரு தப்பும் இல்லை. இப்போதும் அதையே சொல்வேன்.

திரும்பி வந்தால் மசினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். தருமன் போனில் எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறான். "இருபத்தாறு வயசுல செத்தேனா! மதி, யாரும் சந்தேகப்படலையா?"

"இப்பவே அவுக்கச் சொல்றேன்" என்றேன்.

"இரு. இதுக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"சாவுன்னா ஊரே வரும். கூப்பிடக்கூட வேணாம்."

சிரிப்பை நிறுத்தினாள். "எங்க ஊர்லயும் அப்படித்தான். நாலு பெண்கள் விரிச்சுப் பிடிச்சு, தெருவெல்லாம் பார்க்கச் சாவு வீட்டுக்கு எடுத்துட்டுப் போற பாய் இது. நான் இத்தனை வருஷமா சாவே இல்லாத வீட்டுக்குப் பாய் தூக்கிட்டுப் போயிருக்கேன். அவுக்க வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. சாவில் விளையாடலாமா? ஜனங்களை ஏமாற்றினால் பாவமில்லையா? "யாரையும் ஏமாத்தலை. நானே வாசல்ல நிக்கிறேன்" என்று, பெரிய சிவப்புப் பூப்போட்ட கவுனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பத்து மணிக்கு மண்டபத்து வாசலில் கால் வைக்க இடமில்லை. பூக்காரி சந்திரம்மாள் ஒரு கூடை சாமந்தியோடு வந்து, வாசலில் பிணமே கைகூப்பி வரவேற்பதைப் பார்த்து "அண்ணாமலையாரே!" என்று கூடையைப் போட்டுவிட்டாள். கீரை விற்கும் வெள்ளையம்மாள் தெருவிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து, மசினாவையே கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். உடனே முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "ஏம்மா, எங்க உசுரு போயி உசுரு வந்துச்சே!"

ஸ்டாண்டு ஆட்கள் சாவு மேளம் வேறு ஏற்பாடு செய்திருந்தார்கள். "அடிக்கிறதா, போறதா?" என்று மேளக்காரர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

மாலைகளை என்ன செய்வது என்பதுதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. சாவுக்கு வாங்கியதை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக ஒருவரும் தயாரில்லை. உயிரோடு இருப்பவள் கழுத்தில் போடவும் மனசு வரவில்லை. "உள்ள எதுக்காச்சும் போட்டுட்டுப் போங்க" என்று நான்தான் கத்தினேன். எல்லாரும் உள்ளே நுழைந்தார்கள். பாய்களுக்கு மாலை போடக் கிட்டே போனார்கள்.

அப்போதுதான் சந்திரம்மாள் வீலென்று கத்தினாள். "இது எங்க பேத்தி கவிநிலா பொட்டுடி! காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் வெச்சோமே!"

அதோடு மண்டபம் ரெண்டுபட்டது. ஆளாளுக்குப் பாய்களைத் தடவித் தடவி முகம் தேடினார்கள். ஒரு மாப்பிள்ளையின் தலைப்பாகை கட்சிக்காரர் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. தருமனுக்குத் தன் கல்யாண ஃபிளெக்ஸில் பாதிப் பல் கிடைத்தது. மீதிப் பல்லுக்காகப் பாயை இறக்கித் தரையில் விரித்தான். விரித்த பாயில் பிள்ளைகள் உருண்டன. கால் வலித்தவர்கள் உட்கார்ந்தார்கள். யாரோ டீ வாங்கி வந்தார்கள். ஒருத்தரும் கையைப் பின்னால் கட்டவில்லை. மசினா நடுவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலை எடுடா அதுல இருந்து!"

வெள்ளையம்மாளின் குரல். ஒரு பையனைத் தள்ளிவிட்டுப் பாயின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணும் அரை மீசையும்தான் அங்கே தெரிந்தன. அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "எங்கூட்டுக்காரரு மீசை. போன வருஷம் ஆடிக் காத்துல கிழிஞ்சு போச்சே, அவருக்கு வெச்ச கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மசினாவை நிமிர்ந்து பார்த்தாள். "இத நான் எடுத்துனு போவட்டுமா?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மசினாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. திரும்பச் சொல்லு என்றாள். திரும்பச் சொன்னேன். "அவங்க வீட்டுக்கா?" என்றாள். ஆமாம், அவங்க வீட்டுக்குத்தான் என்றேன். கேட்டதும் அப்படி ஒரு அழுகை அழுதாள். நானும் அழுதேன். சந்தோஷத்தில் அழுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அழுதேன்.

சுருட்டித் தருகிறேன் என்று நான் குனிந்தபோது மசினா என் கையைத் தட்டிவிட்டாள். ஒரு முனையை வெள்ளையம்மாளிடம் கொடுத்தாள், இன்னொன்றைச் சந்திரம்மாளிடம், மூன்றாவதை என்னிடம். நாலாவதைத் தானே பிடித்தாள். விரித்தபடி தெருவில் இறங்கினோம். மேளக்காரர் இந்த முறை யாரையும் கேட்கவில்லை, அடித்து நொறுக்கினார். தருமனும் ஸ்டாண்டு ஆட்களும் முன்னால் குத்தாட்டம் போட்டார்கள். மசினா தன் முனையை விடாமல் இடுப்பை ஆட்டி ஆடிக்கொண்டு, அவள் பாஷையில் எதையோ கூவினாள். என்னவென்று தெரியாமலே தெரு முழுக்கத் திருப்பிக் கூவியது. செங்கம் ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து பாயில் யார் முகம் என்று எட்டிப் பார்த்தார்.

பாதி வழியில் அவள் கைப்பையில் போன் அடித்தது. பை என் தோளில் இருந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன், அண்ணன். அவளிடம் நீட்டினேன். அவள் ஆட்டத்தை நிறுத்துவதாக இல்லை. நானே காதில் வைத்தேன். மேளச் சத்தத்தில் அவர் என்ன கேட்டார் என்று பாதி புரியவில்லை. வேலை, எப்போது வருகிறாள் என்கிற மாதிரிதான் இருந்தது.

"நோ சார்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன். "மேடம் வேலையில இருக்காங்க."